படபடப்பை அடக்காதீர்கள், பெயரை மாற்றுங்கள்

மேடை ஏறும் முன்போ தேர்வு தொடங்கும் முன்போ நெஞ்சு படபடத்தால், "அமைதியாக இரு" என்று மனதை அடக்காதீர்கள். "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பயத்திலும் உற்சாகத்திலும் உடல் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான்: அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும். அந்த வேகத்தைச் சில நொடிகளில் அணைக்க முடியாது, ஆனால் அதற்கு வேறு அர்த்தம் கொடுக்க முடியும். ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சிலும் கணக்குத் தேர்விலும் உற்சாகத்தின் பக்கம் திரும்பியவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். உடலிலும் வித்தியாசம் தெரிகிறது. இந்தப் படபடப்பு நமக்கு உதவத்தான் வருகிறது என்று எடுத்துக்கொண்டவர்களுக்கு ரத்தக் குழாய்கள் அவ்வளவாக இறுகவில்லை, இதயம் அதிக ரத்தத்தை அனுப்பியது என்று வேறொரு பரிசோதனை காட்டியது. துடிப்பு குறையவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அது குறைய வேண்டிய அவசியமே இல்லை.

தயாரிப்பு இல்லாத இடத்தில் இது கைகொடுக்காது. வாரக்கணக்கில் நீளும் வேலைச்சுமைக்கும் இது மருந்தல்ல, அங்கே சுமையையே குறைக்க வேண்டும். அப்புறம், நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் இதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.