ரத்தம் எடுத்தவர் பெயர் எங்கே? ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1976 செப்டம்பர். இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் யம்புக்கு கிராமத்தில் பெயர் தெரியாத காய்ச்சலில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ழான்-ழாக் முயெம்பே என்ற நுண்ணுயிரியலாளர் கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்தார். ஊசியை உருவிய பிறகும் ரத்தம் நிற்கவில்லை, அவர் விரல்களில் வழிந்தது. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டார். நோயுற்ற கன்னியாஸ்திரீ ஒருவரைக் கின்ஷாசாவுக்குக் கூட்டிவந்தார். அந்தக் கன்னியாஸ்திரீயின் ரத்தம் பெல்ஜியத்துக்குப் போனது. அந்தக் காய்ச்சல்தான் எபோலா. எபோலாவைக் கண்டுபிடித்தவர்கள் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டதெல்லாம் வெளிநாட்டுப் பெயர்கள்தான்.

ஆப்பிரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து வேலை செய்யும்போது, ரத்தம் போன்ற ஆய்வு மாதிரிகளைச் சேகரிப்பதைக் கூலிவேலையாக நினைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே. அதே முயெம்பே 1995இல் கிக்விட் நகரில் எபோலா பரவியபோது, பிழைத்தவர்களின் ரத்தத்தை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார். ஏழு பேர் பிழைத்தார்கள். அந்தக் கிக்விட் பரவலில் தப்பிய ஒருவரின் ரத்தத்திலிருந்து பின்னாளில் உருவான மருந்துக்கு 2020இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. இப்படிச் சிந்திக்கிறவரைக் கட்டுரை எழுதி முடித்த பிறகு ஆசிரியர் பட்டியலின் நடுவில் ஒரு பெயராகச் செருகுவது மரியாதை ஆகாது. எதை ஆராய்வது, பணம் எங்கே செலவாகும் என்று பேசும் முதல் நாளிலேயே அவரும் கூட இருக்க வேண்டும்.

அடுத்தது, விசா. அழைப்பிதழ் அனுப்பினால் கடமை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். 2018இல் மாண்ட்ரியலில் நடந்த செயற்கை நுண்ணறிவு மாநாட்டுக்குப் பல ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் விசா மறுக்கப்பட்டுப் போக முடியவில்லை. கூட்டத்தையே ஆப்பிரிக்காவில் நடத்தலாமே! 2017இல் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிய 'டீப் லேர்னிங் இண்டாபா' என்ற செயற்கை நுண்ணறிவுக் கூட்டம் நைரோபி, துனிஸ், அக்ரா, டக்கார் என்று ஊர் ஊராகப் போய் நடக்கிறது. இதை ஆப்பிரிக்கர்களே கட்டினார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஆப்பிரிக்கா என்றால் ஒரே ஊர் என்று நினைப்பதும் தவறு. 54 நாடுகள். ஆங்கிலத்தில் மட்டும் குழு நடத்தினால் பிரெஞ்சு பேசும் செனகல்காரர் வாய் திறக்கமாட்டார்.

பாராட்டிவிட்டுத் தண்டிப்பதும் உண்டு. 2021 நவம்பரில் போட்ஸ்வானாவும் தென்னாப்பிரிக்காவும் ஒமிக்ரானைக் கண்டறிந்து உடனே உலகுக்குச் சொன்னதற்குக் கிடைத்தது பயணத் தடை.

கடைசியாக, மேற்கோள். பெரிய தரவுத்தளங்களில் தேடிவிட்டு 'இதுபற்றி ஆய்வே இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். ஆப்பிரிக்க இதழ்களுக்கென்றே 'ஆப்பிரிக்கன் ஜர்னல்ஸ் ஆன்லைன்' என்ற இணையதளம் இருக்கிறது. அங்கேயும் தேடுங்கள்.