நைல் கப்பல் பயணம்: அபு சிம்பலைக் கோட்டை விடாதீர்கள்

போன வாரம் அண்ணன் மகன் தன் எகிப்துப் பயணத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரியா இருக்கா பாருங்க சித்தப்பா" என்றான். பார்த்ததும் எரிச்சல் வந்தது. எட்டு வருடத்துக்கு முன் நான் போட்ட அதே திட்டம், அதே ஓட்டையோடு. தொப்பி, தண்ணீர், பாஸ்போர்ட் நகல் எல்லாம் யாரும் சொல்வார்கள், அதை விடுங்கள்.

கப்பல் அபு சிம்பலுக்குப் போகாது

லக்சரில் ஏறி எட்ஃபு, கொம் ஓம்போ கோயில்களைப் பார்த்துவிட்டு அஸ்வானில் இறங்குவதுதான் வழக்கமான நான்கு இரவுப் பயணம். அதற்கு மேல் கப்பல் போக வழியில்லை, குறுக்கே அணை. அபு சிம்பல் கோயில் அணைக்கு அந்தப் பக்கம், நாசர் ஏரிக்கரையில், அஸ்வானிலிருந்து சாலையில் சுமார் 280 கிலோமீட்டர். விளம்பரத்தில் எகிப்து மன்னன் இரண்டாம் ராம்சேஸின் அந்த நான்கு பெரிய சிலைகளைப் பார்த்துவிட்டு, அதுவும் வழியில் வந்துவிடும் என்று நான் பாட்டுக்கு நம்பி, இறங்கும் நாள் காலை 11 மணிக்கே கெய்ரோவுக்கு விமானம் போட்டிருந்தேன்.

முந்தைய நாள் இரவு அபு சிம்பலுக்குப் பெயர் கொடுக்கப் போனால், வேன் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி மதியத்துக்கு மேல்தான் திரும்பும் என்கிறார்கள். டிக்கெட்டை மாற்ற, நான் வாங்கிய விலையைவிட அதிகம் கேட்டார்கள். 1960களில் அணைத் தண்ணீரில் மூழ்காமலிருக்க அந்தக் கோயிலையே துண்டு துண்டாக அறுத்து 65 மீட்டர் மேலே தூக்கி வைத்தவர்கள் இருக்கிறார்கள், என்னால் ஒரு விமானத்தை ஒரு நாள் தள்ளி வைக்க முடியவில்லை. வீட்டில் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

அஸ்வானில் ஒரு இரவு கூடுதலாக அறை போடுங்கள். அஸ்வானில் ஏறுகிறவர்கள் முந்தைய நாளே வந்து இதை முடித்துவிடலாம். அப்புறம், திட்டத்தில் அபு சிம்பல் பெயருக்குப் பக்கத்தில் 'விருப்பத்தேர்வு' என்று பொடி எழுத்தில் இருந்தால் அதற்குத் தனிக் காசு.

நான்கு இரவும் கப்பல் ஓடாது

பாதி நேரம் கரையில்தான் நிற்கும். அங்கே கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவதால், நைலைப் பார்க்கக் கூடுதல் காசு கொடுத்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கப்பல்காரர் பல் தேய்ப்பது தெரியும். ஓடும்போது மேல்தளத்தில் இருங்கள். வழியில் எஸ்னா அணையில் கப்பல்களைக் கடத்திவிட மதகு உண்டு; அதற்காக வரிசையில் காத்திருக்கும்போது சிறு படகில் வரும் வியாபாரிகள் அங்கிகளைச் சுருட்டி மேலே எறிவார்கள். அது ஒரு தனிக் கூத்து, தூங்கிவிடாதீர்கள்.

எட்ஃபு குதிரை வண்டி

கூலியை ஏறுமுன் பேசுங்கள், கோயிலுக்குப் போக வர சேர்த்து.

அரசர் பள்ளத்தாக்கு

லக்சரில் பழைய எகிப்து மன்னர்களின் கல்லறைகள் இருக்கும் இடம். சாதாரண டிக்கெட்டில் மூன்று கல்லறைகள்தான். துட்டன்காமூனுக்கும் முதலாம் சேத்திக்கும் தனி டிக்கெட். உள்ளே போன பிறகு முழிக்காமல், வாசலிலேயே முடிவு செய்யுங்கள்.

ஜூலை

வேண்டாம்.

கொம் ஓம்போ

முதலைக் கடவுள் சோபெக்குக்குப் பாதி, பருந்துத்தலைக் கடவுள் ஹோரஸுக்குப் பாதி என்று இரட்டைக் கோயில். பார்த்த கையோடு எல்லோரும் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கு ஓடுகிறார்கள். பக்கத்துக் கட்டடத்திலேயே முதலை மம்மிகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. சாப்பாடு எங்கும் போகாது.