மவுஸைத் தொடாமல் நொய்யலைக் கண்டுபிடிப்பது

ஏழாம் வகுப்புக்கு நான் முதன்முதலில் செய்த கணினிப் பயிற்சி, காவிரியில் வந்து சேரும் நம் பக்கத்து ஆறுகளைப் பற்றியது. வரைபடத்தில் மூன்று கோடுகள்: பவானி சிவப்பு, நொய்யல் பச்சை, அமராவதி மஞ்சள். கீழே கிடக்கும் பெயர்களை மவுஸால் இழுத்து அந்தந்த ஆற்றின் மேல் போட வேண்டும். 30 விநாடிக்குள் முடித்தால் கைதட்டல் சத்தம் கேட்கும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து செய்தேன். கோபியிலிருந்து சத்தி போகிற ரோட்டை ஒட்டிய எங்கள் பள்ளிக்கூடத்தில் அதைத் திறந்த அன்றைக்குப் பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

அந்த வகுப்பில் பார்வையில்லாத ஒரு பெண்பிள்ளை இருந்தாள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைக் கேட்டுக்கொண்டே விசைப்பலகையில் என்னைவிட வேகமாக வேலை செய்வாள். டேப் விசையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், பட்டன் பட்டன்னு மட்டுந்தானுங்க சொல்லுது. இதுல பவானி எதுங்க?" என்றாள். பக்கத்துக் கணினியில் கை நடுக்கமுள்ள பையன் ஒருவன் நொய்யலைப் பாதி தூரம் இழுத்து நழுவவிட்டான். மறுபடி இழுத்தான், மறுபடி நழுவியது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அந்தப் பெண்பிள்ளையின் அப்புச்சி ஊர் கூடுதுறைக்குப் பக்கம்தான். பவானி எங்கே காவிரியில் கலக்கிறது என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பயிற்சி அவளிடம் ஆற்றைக் கேட்கவே இல்லை. கண் இருக்கிறதா, கை நிலையாக நிற்கிறதா என்றுதான் கேட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் இப்போது கணினியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன்: இந்தப் பயிற்சியில் பிள்ளை எதைத் தெரிந்திருக்க வேண்டும்? என் வரைபடத்துக்கு அது எந்த ஆறு எங்கே சேர்கிறது என்பதுதான். மேட்டூரிலிருந்து காவிரியோடு இறங்கி வந்தால் முதலில் கூடுதுறையில் பவானி, அப்புறம் கரூர் மாவட்டத்து நொய்யல் கிராமத்தில் நொய்யல், அதற்கும் கீழே திருமுக்கூடலூரில் அமராவதி. இதைச் சொல்ல இழுவை எதற்கு? ஒவ்வொரு இடத்தின் பெயரையும் எழுதி, பக்கத்தில் மூன்று ஆறுகளும் உள்ள பட்டியல் ஒன்றை வைத்தேன். டேப், அம்புக்குறி, என்டர் இருந்தால் போதும். இழுத்து விளையாட ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு வரைபடமும் அதே பக்கத்தில் இருக்கிறது. மதிப்பெண் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2023 அக்டோபரில் வந்த இணைய அணுகல் வழிகாட்டி டபிள்யூசிஏஜி 2.2 இதை விதியாகவே சொல்கிறது: இழுத்துச் செய்கிற எதையும், இழுக்காமல் தொட்டோ சொடுக்கியோ செய்யவும் வழி வேண்டும். தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் அகலமும் உயரமும் இருக்க வேண்டும் என்கிறது. நான் 44-க்குக் குறைப்பதில்லை, அந்தப் பையனின் விரலைப் பார்த்தவள் நான். விநாடிக் கணக்கை எடுத்தே விட்டேன்.

இப்படிக் கணினிப் பயிற்சிகள் உருவாக்க எச்5பி என்ற இலவசக் கருவி வசதியானது. லூமி என்ற இலவச மென்பொருளில் அதைச் செய்து ஒரே எச்டிஎம்எல் கோப்பாக எடுத்துக்கொண்டால் பென் டிரைவில் போட்டு நெட் இல்லாமலும் ஓட்டலாம். மழைக்காலத்தில் நெட் போனாலும் வகுப்பு நிற்காது. படம் சேர்க்கும்போது மாற்று உரைக்கென்று, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் விவரத்துக்கென்று, ஒரு கட்டம் வரும். அவசரத்தில் அதைக் காலியாக விடாதீர்கள். "வரைபடம்" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்வதும் காலியாக விட்டதற்குச் சமம். போனில் ஒருவருக்குச் சொல்வது போல எழுதுங்கள். நான் எழுதியது இது: "காவிரி மேட்டூரிலிருந்து தெற்கே இறங்கி, கரூர்ப் பக்கம் கிழக்கே திரும்புகிறது. அதன் வலது கரையில் மூன்று இடங்களில் ஆறுகள் சேர்கின்றன." விடை அதில் இல்லை, ஆனால் இடம் மனதில் விழும். அட்டையில் சணல் கயிறு ஒட்டி ஒரு தொட்டுணரும் வரைபடமும் செய்து கொடுத்தேன். அதில் விரலை ஓட்டிக்கொண்டே அவள் கணினியில் பதில் போட்டாள்.

அடுத்தது எழுத்துரு. தமிழ் ஆசிரியர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் இது. பழைய வினாத்தாள்கள் பாதிக்கு மேல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. திரையில் "அம்மா" என்று அழகாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும், அதனால் பிள்ளையின் காதில் அம்மா விழவே மாட்டாள். எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றும் கொம்பும் இடம் மாறவில்லையா என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஸ்கேன் செய்த பக்கம் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக வரும், பிழை திருத்த வேண்டியிருக்கும். எச்டிஎம்எல் கோப்பின் தொடக்கத்தில் மொழிக் குறியீடு 'இஎன்' என்று இருந்தால் 'டிஏ' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று குழறும்.

நிறம் பற்றிச் சுருக்கமாக: சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிற பிள்ளைகள் உண்டு. நிறத்தோடு கோட்டின் வடிவத்தையும் மாற்றுங்கள், பெயரையும் எழுதுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும். வெள்ளையில் நான் போட்ட மஞ்சள் அதில் கால்வாசிகூடத் தேறாது. ஜன்னல் வெயில் விழுகிற புரொஜெக்டர் திரையில் அது நல்ல பார்வையுள்ள பிள்ளைகளுக்கும் தெரியவில்லை.

வீடியோ இருந்தால் வசனவரி கட்டாயம். நோட்பேடிலேயே எஸ்ஆர்டி கோப்பு எழுதலாம்: வரிசை எண், தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், அதன் கீழே வசனம். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஆன்சி என்று விட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். பேச்சை மட்டும் எழுதினால் போதாது, "அணை மதகு திறக்கும் சத்தம்" என்றும் எழுதுங்கள். காது கேளாத பிள்ளைகளில் பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி, நீளமான தமிழ் வாக்கியம் அவர்களுக்குச் சிரமம். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. வாக்கியத்தை எங்கே உடைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் மவுஸைக் கழற்றி வைத்துவிடுங்கள். கண்ட்ரோல், ஆல்ட், 'என்' (N) ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் என்விடிஏ பேசத் தொடங்கும். திரையை அணைத்துவிட்டு, விசைப்பலகையை மட்டும் வைத்துப் பயிற்சியை முதலிலிருந்து கடைசிவரை முடித்துப் பாருங்கள். எங்கே "பட்டன்" என்று மொட்டையாகச் சொல்கிறதோ, அங்கே பெயர் வைக்க மறந்திருக்கிறீர்கள். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பானைப் போட்டு, வலப்பக்கம் தள்ளித் தள்ளிக் கேளுங்கள், இருமுறை தட்டினால் திறக்கும். எனக்கு முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆனது. ஏழு இடத்தில் நின்றுபோனேன்.

அப்புறம் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். கையைப் பிடித்து உதவாதீர்கள், எங்கே தயங்குகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். திருத்திய பயிற்சியைக் கொடுத்தபோது அந்தப் பிள்ளை நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், கீழ்பவானி வாய்க்காலை இதுல காணோமுங்களே" என்று கேட்டாள். அடுத்த வாரம் சேர்த்துவிட்டேன்.