பூனை கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறதா? எங்கிருந்து ஆரம்பிப்பது

மெத்தையிலோ குளியலறைத் தரையிலோ சிறுநீர் கிடந்தால் வீட்டில் முதலில் வரும் பேச்சு, "வேணும்னே செய்யுது, நேத்து திட்டினதுக்குப் பழி வாங்குது" என்பதுதான். பூனைக்கு அப்படிக் கணக்குத் தீர்க்கும் புத்தியெல்லாம் கிடையாது. ஏதோ வலிக்கிறது, அல்லது ஏதோ அதை அலைக்கழிக்கிறது, பல நேரம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். திட்டினால் பதற்றம் கூடும், சிறுநீர்ப்பை இன்னும் மோசமாகும். அதை நிறுத்திவிட்டு இந்த வரிசையில் பாருங்கள்.

படி 1: சிறுநீர் வருகிறதா, இல்லையா?

மீதியைப் படிக்க நேரமில்லை என்றாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள். பூனை மணல் தட்டில் ஏறி, குந்தி, முக்கி, ஒன்றும் வராமல் இறங்கி, ஐந்து நிமிடத்தில் மறுபடி ஏறுகிறது, நடுவில் கத்துகிறது, பின்புறத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் மலச்சிக்கல் என்று நினைத்து ஒருநாளைக் கடத்திவிடாதீர்கள், நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் நீளமானது, நுனிக்குப் போகப் போகக் குறுகலானது. சளியும் படிகங்களும் சேர்ந்த ஒரு சின்னத் திரட்டே அதை அடைத்துவிடும். அடைத்துக்கொண்டால் சிறுநீரகம் வேலை செய்ய முடியாமல் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். வாந்தியும் சோர்வும் வரும்வரை காத்திருந்தால் அது ஏற்கெனவே தாமதம். நடுராத்திரியானாலும் கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். அடிவயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டாம், நிரம்பி இறுகிய சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம்.

பெட்டைக்கு இப்படி அடைப்பது அபூர்வம். ஆனால் எரிச்சலும் வலியும் அதற்கும் அதே அளவுதான்.

படி 2: மணலில் விழும் கட்டிகளைப் பாருங்கள்

சிறுநீர் பட்டால் கட்டியாகும் மணலைப் பயன்படுத்தினால் பாதி நோயறிதல் உங்கள் கையிலேயே இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் பூனை ஒருநாளில் சுமார் 2 முதல் 4 கட்டி போடும், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். திடீரென்று கோலிக்குண்டு அளவில் ஏழெட்டுக் கிடந்தால் சிறுநீர்ப்பையில் எரிச்சல். கட்டிகள் வழக்கத்தைவிடப் பெரிதாகி எண்ணிக்கையும் கூடினால் விஷயம் வேறு, சிறுநீரகம், சர்க்கரை என்று பார்க்க வேண்டியிருக்கும். இரத்தம் இருக்கிறதா என்பது மணலில் சரியாகத் தெரியாது. தரையில் விட்ட சொட்டை வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள், இரத்தம் இருந்தால் லேசான இளஞ்சிவப்பாவது தெரியலாம்.

இன்னொன்று: நின்றபடி, வால் நடுங்க, சுவரில் பீய்ச்சினால் அது பெரும்பாலும் எல்லை குறிக்கும் வேலை. குந்தி உட்கார்ந்து வழவழப்பான குளிர்ந்த தரையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் சிறுநீர்ப்பையைச் சந்தேகப்படுங்கள்.

படி 3: மருத்துவரிடம் போகும்போது

தட்டில் பூனை முக்குவதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், நீங்கள் வாயால் விளக்குவதைவிட அது உபயோகம். சிறுநீர்ப் பரிசோதனையும் எக்ஸ்ரே அல்லது ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள். கல் என்றால் எந்த வகை என்பது முக்கியம்: ஸ்ட்ரூவைட் கல்லைச் சிறப்பு உணவாலேயே கரைத்துவிடலாம், கால்சியம் ஆக்சலேட் கரையாது, எடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் பத்து வயதுக்கு உட்பட்ட பூனைகளில் பாதிக்கு மேல் கல்லும் இருக்காது, கிருமியும் இருக்காது. காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சி, எஃப்ஐசி என்பார்கள். இதற்கு ஆன்டிபயாடிக்கால் பயனில்லை. கிருமித் தொற்று வயதான பூனைகளில்தான் அதிகம். வலி நிவாரணி தேவைப்படும், அதை மருத்துவரே தரட்டும். மனிதர்களுக்கான பாராசிட்டமால் ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

எஃப்ஐசி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கும். அந்த வாரத்தில் யார் எதைக் கொடுத்தார்களோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும், இணையத்தில் உலவும் கைவைத்தியங்களில் பாதி இப்படி வந்தவைதான் என்பது என் சந்தேகம். அடங்கியது திரும்பி வராமல் பார்ப்பதுதான் நிஜமான வேலை.

படி 4: வீட்டுக்கு வைத்தியம்

ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 12 நலமான பூனைகளையும் எஃப்ஐசி உள்ள 20 பூனைகளையும் 77 வாரம் கவனித்து 2011-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பராமரிப்பவர் மாறுவது, வேளை தவறுவது மாதிரியான சங்கதிகள் நடந்த வாரங்களில் நலமான பூனைகளும் சாப்பாட்டைக் குறைத்தன, மணல் தட்டுக்கு வெளியே கழித்தன. நமக்கு ஒன்றுமில்லாதது அதற்குப் பெரிய விஷயம். சோபாவை நகர்த்துவது, விருந்தாளி, பெயிண்ட் வாசனை, ஜன்னலுக்கு வெளியே தினம் வந்து நிற்கும் இன்னொரு பூனை, எதுவாகவும் இருக்கலாம்.

தட்டுகளிலிருந்து ஆரம்பியுங்கள். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி அத்தனை தட்டு, வெவ்வேறு இடங்களில். எல்லாவற்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டுதான், அதுவும் இன்னொரு பூனை வழியை மறித்து உட்கார்ந்தால் போச்சு. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையுள்ள நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் இருக்கட்டும், வாசனை சேர்க்காத மணல், தினமும் அள்ளுவது. வாஷிங் மெஷின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அப்புறம் உயரத்தில் ஒரு இடம், ஒளிய ஒரு அட்டைப்பெட்டி, தினம் ஒரே நேரத்தில் சாப்பாடும் கொஞ்ச நேர விளையாட்டும். ஒளிந்திருக்கும் பூனையை இழுத்து வெளியே எடுக்கக் கூடாது. ஃபெரோமோன் டிஃப்யூசர் (பூனையை அமைதிப்படுத்தும் வாசனையைப் பரப்பும் கருவி) சில பூனைகளுக்கு உதவுகிறது, அதை மட்டும் நம்பி மற்றதை விடாதீர்கள்.

படி 5: தண்ணீர்

சிறுநீர் நீர்த்துப் போனால் எரிச்சலும் படிகமும் குறையும். உலர் உணவில் ஈரம் 10 சதவீதம் அளவுக்குத்தான், ஈர உணவில் 75-க்கு மேல், எனவே மெதுவாக ஈர உணவுக்கு மாற்றுவதுதான் சுலபமான வழி. ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு கலந்து கலந்து மாற்றுங்கள். பிடிக்கவில்லை என்று இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், குண்டுப் பூனைக்குக் கல்லீரலே கெட்டுப்போகும். தண்ணீர்க் கிண்ணம் அகலமாக, சாப்பாட்டுக்கும் மணல் தட்டுக்கும் தள்ளி இருக்கட்டும்.

அசுத்தமான இடத்தை என்சைம் கிளீனரால் துடையுங்கள். அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டவே வேண்டாம், அந்த வாசனை சிறுநீர் மாதிரியே இருப்பதால் பூனை அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

இவ்வளவும் செய்தும் அடிக்கடி திரும்பினால் மனப் பதற்றத்துக்கான மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே அடைத்து, குழாய் போட்டு அடைப்பை எடுத்த கடுவன் என்றால் வீட்டுக்கு வந்த முதல் ஒரு வாரம்தான் ஆபத்து அதிகம், மறுபடி அடைப்பது அந்தச் சமயத்தில்தான். அந்த வாரம் முழுக்கக் காலையும் மாலையும் கட்டிகளை எண்ணுங்கள், எண்ணிக்கை பூஜ்ஜியமானால் படி 1.