குமிழி வந்ததும் தண்ணீர் கொதித்துவிட்டதா?

குழந்தைக்குக் குடிக்கத் தண்ணீர் காய்ச்சும்போது நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். பாத்திரத்தின் அடியில் கடுகு கடுகாகக் குமிழிகள் ஒட்டியதுமே அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அந்தக் குமிழிக்குள் இருப்பது தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருந்த காற்று. சூடு ஏற ஏறத் தண்ணீரில் காற்று தங்காது, வெளியே வந்துவிடும். கொதி இன்னும் தொடங்கவே இல்லை.

கொஞ்சம் நின்று கவனியுங்கள். அடுத்து அடியிலிருந்து பெரிய குமிழிகள் கிளம்பும், ஆனால் மேலே வந்து சேராது. இவை நீராவி. மேலே இருக்கும் தண்ணீருக்கு இன்னும் சூடு போதாததால், ஆவி பாதி வழியிலேயே மறுபடி நீராகிவிடுகிறது. குமிழி சட்டென்று ஒடுங்குகிறது. உலை வைத்தால் முதலில் கேட்கும் இரைச்சல் அதுதான். இரைச்சல் அடங்கி, தளதளவென்று தண்ணீர் புரள வேண்டும். குடிக்க என்றால் அப்படியே ஒரு நிமிடம் விடுங்கள். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே மூன்று நிமிடம் வேண்டும்.

கொதித்த பிறகும் தீயைக் குறைக்காமல் விடுவது வீண். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு குமிழி வந்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. அரிசியும் சீக்கிரம் வேகாது. கேஸ்தான் தீரும்.

உப்பு போட்டதும் குபுக்கென்று நுரைக்கிறதே என்பார்கள். உப்புக்கல்லைப் பிடித்துக்கொண்டு குமிழிகள் கிளம்புகின்றன, அவ்வளவுதான். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு கொதிநிலையைச் சுமார் 0.1 டிகிரிதான் உயர்த்தும்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் மைக்ரோவேவ் விஷயத்தில்தான். அங்கே குமிழி வராததுதான் ஆபத்து. குமிழி பிறக்க ஒரு கீறல், ஒரு சின்னக் குழி வேண்டும். வழவழப்பான கண்ணாடிக் கோப்பையில் அது கிடைக்காமல், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அசையாமல் நிற்கலாம். சூடாகவில்லை போலிருக்கிறது என்று காபித்தூளைப் போட்டால், மொத்தமும் ஒரே நொடியில் பொங்கிக் கையிலும் முகத்திலும் அடிக்கும். சூடாக்கும் முன்பே ஒரு மரக்குச்சியைப் போட்டு வையுங்கள். நேரம் முடிந்ததும் ஒரு நிமிடம் பொறுத்து எடுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. ஏற்கெனவே கொதித்து ஆறிய தண்ணீர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். குமிழி பிறக்க உதவும் காற்றில் பெரும்பகுதி அதிலிருந்து முதல் கொதியிலேயே போயிருக்கும்.