ஸ்டீயரிங் ஆடுகிறதா? அந்த ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டீயரிங் தொளதொளத்துப் போனதும் பலர் செய்யும் முதல் காரியம், பானெட்டைத் திறந்து ஸ்டீயரிங் பாக்ஸின் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் பெட்டி) தலையிலிருக்கும் ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்குவது. ஐந்து நிமிட வேலை. கையில் உடனே வித்தியாசம் தெரியும். ஆளை ஏமாற்றுவதும் அதுதான்.

பாக்ஸின் உட்பாகங்கள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்வதில்லை. கார் தன் ஆயுளின் பெரும்பகுதியை நேராகவே ஓடிக் கழிக்கிறது. ஆகவே நடுப்பகுதி தேய்ந்திருக்கும், இரண்டு ஓரங்களும் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். நடுவில் உள்ள ஆட்டம் மறையும் வரை இறுக்கினால், திருப்பும்போது ஓரங்களில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நானும் ஒருமுறை இந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்திருக்கிறேன். நேர்ச்சாலையில் அருமையாகப் போன கார், முதல் வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தியபோது நேர்நிலைக்குத் திரும்பவில்லை. ஸ்டீயரிங்கைக் கையால் இழுத்துத்தான் மீட்க வேண்டியிருந்தது. ஆட்டமுள்ள ஸ்டீயரிங் பயமுறுத்தும். திரும்பி வராத ஸ்டீயரிங் பள்ளத்தில் இறக்கும்.

அந்த ஸ்க்ரூவைத் தொட்டே ஆக வேண்டுமென்றால், இணைப்புத் தண்டுகளைக் கழற்றிவிட்டு, பாக்ஸைச் சரியாக நடுவில் நிறுத்தி, லேசான இறுக்கம் மட்டும் தெரியும்படி வைக்க வேண்டும். பிறகு ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எங்கும் பிடிக்காமல் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியும் நடுவில் ஆட்டம் மிச்சமிருந்தால் பாக்ஸைப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றுவதுதான் வழி.

உங்கள் காரில் பாக்ஸ் இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. ஜாகுவார் எக்ஸ்கே120 காரில் பாக்ஸ். 1954-இல் வந்த எக்ஸ்கே140 காரில் ரேக் அண்ட் பினியன்: பெட்டிக்குப் பதிலாக, பற்கள் வெட்டிய நீளத் தண்டு ஒன்றைச் சிறிய பல்சக்கரம் இடமும் வலமும் நகர்த்தும். ட்ரையம்ஃப் டிஆர்3 பாக்ஸ்; 1961-இல் வந்த டிஆர்4 ரேக். 1962-இல் வந்த எம்ஜிபி தொடக்கம் முதலே ரேக். ஆஸ்டின் ஹீலி 3000 கடைசி வரை பாக்ஸை விடவில்லை. ரேக் உள்ள காரையே ஓட்டிப் பழகியவருக்கு, நல்ல நிலையிலுள்ள ஹீலிகூட நடுவில் சற்றுத் தளர்ந்ததாகத்தான் தோன்றும். அது வண்டியின் சுபாவம். அதற்கு வைத்தியம் தேவையில்லை.

அடுத்த தவறு, ஆட்டத்தையும் அலைச்சலையும் ஒன்றாக எண்ணுவது. நிற்கும் காரில் ஸ்டீயரிங்கை அசைத்தும் டயர் அசையாவிட்டால் அது ஆட்டம். நிற்கும்போது எல்லாம் கச்சிதமாக இருந்து, ஓடும்போது மட்டும் கார் இடமும் வலமும் தேடிப் போனால் அது அலைச்சல். அலைச்சலுக்கு டயர் காற்று, வீல் அலைன்மென்ட், டயரின் வயது இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பழைய கார்கள் குறைவாகவே ஓடுவதால் டயரின் பூ தேயாமலே ரப்பர் கெட்டித்துவிடுகிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள டாட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2309 என்றிருந்தால் அது 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு வயதாகிவிட்டது.

சோதனையை எடுத்த எடுப்பில் ஜாக்கி போட்டுத் தொடங்குவதும் தவறே. சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்க, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு விரற்கடை மட்டும் இப்படியும் அப்படியும் அசைக்க வேண்டும். முழுதாகத் திருப்பினால் ஒன்றும் தெரியாது. மற்றவர் ஒவ்வொரு இணைப்பிலும், இரண்டு பாகங்கள் சேருகிற இடத்தில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கண் தவறவிடும் ஆட்டம் விரலில் ‘டொக்’ என்று தட்டும். மேலிருந்து கீழே வாருங்கள்: ஸ்டீயரிங் தண்டிலுள்ள ரப்பர் இணைப்பு, யுனிவர்சல் ஜாயிண்டைப் பிடித்திருக்கும் போல்ட், பாக்ஸுக்குள் போகும் தண்டு, அதிலிருந்து வெளிவரும் கை, எதிர்ப்பக்கத்தில் அதற்குத் துணையாக ஆடும் ஐட்லர் கை, கடைசியாகச் சக்கரங்களைத் திருப்பும் தண்டுகளின் முனை மூட்டுகளான டை ராட் எண்டுகள். அசைவு எந்த இடத்துக்குள் போய் வெளியே வரவில்லையோ, அங்கேதான் கோளாறு.

இந்தச் சோதனையில் எல்லோரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு: பாக்ஸோ ரேக்கோ காரின் சட்டத்தோடு (சேஸிஸ்) சேரும் இடம். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் ரேக்கை ரப்பர் மவுண்டுகள் தாங்குகின்றன. எஞ்சினிலிருந்து ஒழுகும் ஆயில் (அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் எஞ்சின் ஒழுகாவிட்டால் உள்ளே ஆயில் இல்லை என்று பொருள்) அந்த ரப்பரைக் கூழாக்கிவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்துக்குப் பதிலாக ரேக்கே பக்கவாட்டில் நகரும். டை ராட் எண்ட், அலைன்மென்ட் என்று மாற்றி மாற்றிச் செலவழித்த பிறகுதான் பலர் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஜாக்கியின் முறை இப்போது வருகிறது. ஸ்டாண்டு வைக்காமல் அடியில் போகாதீர்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உள்ளே இருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் அது வீல் பேரிங். மறையாவிட்டால், சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் மூட்டான கிங்பின் அல்லது பால் ஜாயிண்ட். இந்த ஒரு மிதியைச் செய்யாமல் பேரிங்கை மாற்றிவிட்டு, ஆட்டம் அப்படியே இருக்கக் கண்டு விழிப்பவர்கள் ஏராளம். எம்ஜிபியின் பேரிங்குகளுக்கு இடையில் ஒரு குழலும் ஷிம் எனும் மெல்லிய வளையத் தகடுகளும் உண்டு. அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு நட்டை மட்டும் அனுமானத்தில் இறுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தண்டுக்கு வலுச் சேர்ப்பதே அந்தக் குழல்தான்.

கம்பிச் சக்கரம் பூட்டிய கார் என்றால், சக்கரம் பொருந்தும் ஹப்பிலுள்ள பற்களையும் பார்த்துவிடுங்கள். அவை தேய்ந்தால், முன்னும் பின்னும் நகர்த்தும்போது ‘க்ளிக்’ என்று சத்தம் வரும்.

ஒழுகும் பாக்ஸில் கிரீஸை அடைப்பது இன்னொரு பழைய குறுக்குவழி. ஆயிலுக்காகச் செய்த பாக்ஸில் கிரீஸ் ஒருமுறை ஒதுங்கினால் ஒதுங்கியதுதான்; மீண்டும் வழிந்து வந்து உரசும் இடத்தை நனைக்காது. சீலை மாற்றுங்கள், ஆயிலை ஊற்றுங்கள். ஸ்பிட்ஃபயரின் கீழ் ட்ரனியனுக்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிமுனை திருகி நிற்கும் மூட்டு) இதே விதி. அங்கே கியர் ஆயில் போக வேண்டிய இடத்தில் கிரீஸ் அடித்து, உள்ளே நீர் தங்கித் துருவேறி, முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டே முறிந்த கதைகள் அந்தக் காரை வைத்திருப்பவர்களுக்குப் புதிதல்ல.

டை ராட் எண்டை மாற்றும்போது பழையது எத்தனை சுற்றில் கழன்று வந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். புதியதை அதே சுற்றுக்கு ஏற்றினால் அலைன்மென்ட் போடும் இடம் வரையாவது கார் ஒழுங்காகப் போகும். நட்டின் பிளவும், நட்டு கழலாமலிருக்கக் குறுக்கே செருகும் பின்னுக்கான துளையும் நேர்ப்படாவிட்டால் நட்டைத் தளர்த்தாதீர்கள். இன்னும் சற்று இறுக்கத்தான் வேண்டும்.

எல்லாம் முடிந்து, ஓட்டிப் பார்க்கும்போது கார் நேராகப் போகிறது, ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நிற்கிறது. உடனே ஸ்டீயரிங்கைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டிவிடத் தோன்றும். பார்வைக்குச் சரியாகிவிடும், ஆனால் பாக்ஸ் தன் நடுநிலையை விட்டு விலகிய இடத்திலேயே நேர்ச்சாலை முழுவதும் ஓடும். பாக்ஸ் இறுக்கமாகப் பொருந்துவது நடுவில் மட்டுமே என்பதால், இவ்வளவு பாடுபட்டுப் போக்கிய ஆட்டம் மறுபடி கைக்கு வந்துவிடும். ஸ்டீயரிங்கை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பாக்ஸை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கத்து டை ராட்களின் நீளத்தைத் திருத்துங்கள்.