ப்ரீ-மெட் பிள்ளைகள் மேஜர் எடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் எம்.டி. (அங்கே டாக்டராவதற்கான பட்டம்) படிக்க முதலில் நான்கு வருடப் பட்டம், எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, அதன் பிறகுதான் மெடிக்கல் ஸ்கூல். இதற்குத் தயாராகும் கல்லூரி மாணவர்களைத்தான் ப்ரீ-மெட் என்பார்கள். அந்தப் பட்டத்துக்கு எந்த மேஜர், அதாவது முதன்மைப் பாடம், என்று கேட்டால், நம் வீடுகளில் "பயாலஜிதான், வேறென்ன" என்பார்கள். பயாலஜியில் பிள்ளைக்கு உண்மையான ஆசை இருந்தால் தாராளமாக எடுக்கலாம். சேர்க்கைக்காக மட்டும் எடுப்பது வீண். மேஜரின் பெயருக்கு யாரும் இடம் தருவதில்லை. பயாலஜி, பொது வேதியியல், ஆர்கானிக் வேதியியல், இயற்பியல் ஆகியவை ஆய்வகத்தோடு ஒவ்வொரு வருடம், அதோடு பயோகெமிஸ்ட்ரி ஒரு செமஸ்டர்: பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்கள் அறிவியலில் முக்கியமாக எதிர்பார்ப்பது இவைதான். இவற்றை முடித்த வரலாற்று மாணவரும் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் வேறு மேஜர் எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது பாடங்களின் வரிசையில். பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், அது முடிந்தால்தான் ஆர்கானிக் இரண்டு, அதற்குப் பிறகே பயோகெமிஸ்ட்ரி. மொத்தம் ஐந்து செமஸ்டர், ஒன்றன்பின் ஒன்றாக. முதல் செமஸ்டரிலேயே தொடங்கினால் மூன்றாம் வருட இலையுதிர் காலத்தில் முடியும். வசந்தத்தில் எம்கேட், ஜூனில் விண்ணப்பம். ஒரு வருடம் தள்ளித் தொடங்கினால் பயோகெமிஸ்ட்ரி நான்காம் வருடத்துக்குப் போய்விடும். எம்கேட்டில் அதிலிருந்து நிறையக் கேட்பார்கள். கோடை வகுப்பில் ஈடுகட்டாவிட்டால் விண்ணப்பமும் ஒரு வருடம் தள்ளும்.

"டாக்டர் சீட் கிடைக்காவிட்டால் வேலையாவது கிடைக்கும்" என்று இன்ஜினியரிங்கில் சேர்ப்பதையும் யோசித்துச் செய்யுங்கள். பெரும்பாலான எம்.டி. விண்ணப்பங்களை வாங்கும் பொது அமைப்பான அம்காஸ் கணக்கிடும் ஜிபிஏக்களில் (மதிப்பெண் சராசரி) முக்கியமானவை இரண்டு: மொத்தம் ஒன்று, பயாலஜி, வேதியியல், இயற்பியல், கணிதம் மட்டும் சேர்த்து இன்னொன்று. தெர்மோடைனமிக்ஸில் வாங்கும் சி, கடினமான பாடம் என்பதற்காக பி ஆகிவிடாது.

ஒரு பாடத்தைத் திரும்பப் படித்து எழுதினால் பழைய மதிப்பெண் அழிந்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. கல்லூரி அதைக் கணக்கில் எடுக்காமல் விடலாம், அம்காஸ் விடாது. நான்கு கிரெடிட் ஆர்கானிக்கில் முதலில் சி (2.0), பிறகு ஏ (4.0) என்றால் எட்டு கிரெடிட்டுக்குச் சராசரி 3.0. தடுமாறும் பாடத்தை, கடைசித் தேதிக்குள் வித்ட்ரா செய்வது (பாதியில் விலகுவது) பல நேரம் நல்லது. அதையே பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) கிரெடிட்டை நம்பிப் பொது வேதியியலைத் தாண்டுவதற்கு முன் ஒவ்வொரு மெடிக்கல் ஸ்கூலின் விதியையும் பாருங்கள். சில ஏற்பதில்லை, சில அதற்குப் பதில் அதே துறையில் மேல்நிலைப் பாடம் கேட்கும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, வெளிநாட்டு மாணவர்களை அந்த மெடிக்கல் ஸ்கூல் எடுக்கிறதா என்பதை. பல எடுப்பதில்லை.